ஆர்.ஓ. றிஜெக்ட் தண்ணீரில் உப்பு நஞ்சா, சேதன மாசு நஞ்சா? பிரித்தறியும் முழுமையான வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் மட்டக்களப்பில் இறுதியாண்டு மாணவர் ஒருவராவது ஆர்.ஓ. ஆலையின் (அழுத்தம் கொடுத்து மென்சவ்வினூடு தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆலை) கழிவை ஆராய வருகிறார். நஞ்சிருக்கிறதா என்று பார்க்கக் கழிவுத் தண்ணீரில் வெங்காயத்தை வைப்பார். மூன்றாம் நாள் வேர் கட்டையாக நிற்கும். ‘சேதன மாசுகளால் நச்சுத்தன்மை’ என்று முடிவு எழுதிவிடுவார். வேரைக் கட்டையாக்கியது பெரும்பாலும் உப்புத்தான். உப்பின் பின்னால் சேதன நஞ்சு ஒளிந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்லத் தேவையான படிகளை அவர் செய்திருக்க மாட்டார்.

சுத்திகரித்த கழிவுநீரை மீண்டும் பயன்படுத்துவதற்காக ஆர்.ஓ. மென்சவ்வினூடு செலுத்தும்போது எஞ்சும் செறிந்த தண்ணீரை ஆலைக்காரர்கள் ‘றிஜெக்ட்’ என்பார்கள். இங்கே அதைச் செறிநீர் என்று எழுதுகிறேன். அதில் உப்பு, அமோனியா, மருந்து எச்சம், களைகொல்லி, சவர்க்காரப் பொருள், படிவு தடுப்பான் (மென்சவ்வில் சுண்ணாம்பு போன்றவை படியாமலிருக்க ஆலை சேர்க்கும் பொருள்) எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியின் முடிவைக் காப்பாற்றுகிறது.

1. போத்தலைத் தொடுமுன் ஆலையின் கணக்கை எடுங்கள்

உள்வரும் நீர், வெளிவரும் நல்ல நீர், செறிநீர் ஆகிய மூன்றின் பாய்ச்சல் அளவையும் ஆலையின் மானியில் பார்த்துக் குறியுங்கள். நல்ல நீரின் பாய்ச்சலை உள்வரும் நீரின் பாய்ச்சலால் வகுத்தால் மீட்பு வீதம் கிடைக்கும். மீட்பு 75 வீதம் என்றால், மென்சவ்வு முழுமையாக மறிக்கும் ஒரு பொருள் செறிநீரில் 4 மடங்காகும். மீட்பு 50 வீதம் என்றால் 2 மடங்கு.

முழுமையாக மறிக்காத பொருளுக்கும் கணக்கு உண்டு. மீட்பு வீதத்தை மென்சவ்வு தப்பவிடும் பங்கால் பெருக்கி, அதை 1 இலிருந்து கழியுங்கள். வருவதை, 1 இலிருந்து மீட்பு வீதத்தைக் கழித்த தொகையால் வகுங்கள். மீட்பு 0.75, மறிப்பு 98 வீதம் என்றால் 0.985 ஐ 0.25 ஆல் வகுக்க 3.94 மடங்கு. உள்ளே சென்ரிமீற்றருக்கு 1500 மைக்ரோசீமன்ஸ் மின்கடத்துதிறனோடு போன தண்ணீர் ஏறக்குறைய 5900 ஆக வெளியே வரும். மறிப்பு 50 வீதம்தான் என்றால் 2.5 மடங்கு மட்டுமே.

சேதனச் சேர்வைகளை ஆராயும்போது இந்த வேறுபாடு முக்கியம். வலிப்பு மருந்தான கார்பமசெபீன் போன்ற மூலக்கூறுகள் பெரும்பாலும் மறிக்கப்பட்டுச் செறிநீரில் சேரும். யூரியா, போமல்டிகைட்டு போன்ற சிறிய, ஏற்றமற்ற மூலக்கூறுகள் மென்சவ்வைக் கடந்து நல்ல நீருக்குள் போய்விடும். ஆகவே செறிநீரை மட்டும் எடுத்து வருவது பிழை. மூன்று இடங்களிலும் மாதிரி எடுங்கள். செறிநீரில் அளந்ததும் கணக்கில் வந்ததும் வெகுதூரம் விலகினால், மாதிரியிலோ பகுப்பிலோ தவறு நடந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஆலையில் கேட்க வேண்டியவை இன்னும் நான்கு உண்டு: என்ன படிவு தடுப்பான், இலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம், குளோரினை நீக்க மெற்றாபைசல்பைற்று போடுகிறார்களா, மென்சவ்வைக் கடைசியாக எப்போது இரசாயனம் கொண்டு கழுவினார்கள். படிவு தடுப்பானும் 4 மடங்காகும். உள்ளே 3 மில்லிகிராம் போட்டால் வெளியே 12. அதுவும் ஒரு சேதனப் பொருள்தான். ஆலைக்குள் வந்த மாசுக்கும் ஆலையே போட்ட பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னால் கேட்பார்கள்.

2. முன்கூட்டியே தயாராக்க வேண்டியவை

கபில நிறக் கண்ணாடிப் போத்தல்கள், உட்புறம் தெப்லோன் பூசிய மூடிகள், கண்ணாடி நார் வடிதாள், பனிக்கட்டிப் பெட்டி, சோடியம் தயோசல்பேற்று, குளோரின் சோதனைத் தொகுதி, பி.எச். மானி, மின்கடத்துதிறன் மானி, கரைந்த ஒட்சிசன் மானி. போத்தலைக் கழுவி 400 பாகை செல்சியசுக்கு மேல் சில மணி நேரம் சுட்டால் பழைய சேதனப் பொருள் எரிந்துபோகும். அளவுக் குடுவைகளை இப்படிச் சுடாதீர்கள், அளவு மாறிவிடும்.

குடிதண்ணீர் விற்கும் பிளாஸ்ரிக் போத்தலில் மாதிரி கொண்டுவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்ரிக்கிலிருந்து தலேற்று போன்ற சேர்வைகள் தண்ணீருக்குள் இறங்கும். மாதிரியில் இருந்த சில சேர்வைகள் பிளாஸ்ரிக்கின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் முடிவைக் கெடுக்கும்.

வெங்காயத்தை ஒரு வாரம் முன்பே வாங்கிச் சோதியுங்கள். முளைக்காமலிருக்க மருந்திட்ட வெங்காயமும் சந்தைக்கு வருகிறது. ஒருமுறை நாங்கள் வாங்கிய பம்பாய் வெங்காயம் சுத்தமான கிணற்றுத் தண்ணீரிலேயே ஏழு நாளாகியும் வேர் விடவில்லை. மாதிரி அதற்குள் பழசாகிவிட்டது. அந்தக் களவேலை முழுவதும் வீணாயிற்று.

3. நாளைத் தேர்ந்தெடுத்தல்

ஆலை தொடங்கி அரை மணி நேரமாவது சீராக ஓடிய பின்னரே மாதிரி எடுங்கள். தொடக்கத்தில் வருவது மென்சவ்வைச் சுற்றி இரவு முழுக்க நின்ற தண்ணீர். இரசாயனக் கழுவல் நடந்த நாளைத் தவிருங்கள், அல்லது அதைத் தனி மாதிரியாக எடுங்கள்.

எங்கள் பக்கத்தில் பருவமும் பேசும். பெரும்போகத்தில் களைகொல்லி அடித்த வாரங்களில் வயல் வடிகால் கலக்கும் தண்ணீரும், சிறுபோகம் முடிந்த வரட்சியில் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல. பாசிக்குடாப் பக்கம் உல்லாச விடுதிக் கழிவு என்றால் ஆட்கள் நிறையும் மாதமும் வெறுமையான மாதமும் வேறு வேறு. அம்பாறை மாவட்டத்தில் அரிசி ஆலை என்றால் நெல் அவிக்கும் நாளைக் கேட்டுப் போங்கள். அவித்த தண்ணீரில் சேதனப் பொருள் மிக அதிகம்.

செறிநீர் மட்டக்களப்பு வாவியில் சேருமானால் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடியிருக்கிறதா என்பதையும் குறியுங்கள். மூடியிருக்கும்போது கடலோடு தண்ணீர் மாறாது. விட்டது அங்கேயே நிற்கும். வாவியின் உப்பளவும் மாறியிருக்கும். எந்த உயிரியைச் சோதனைக்கு எடுப்பது, எத்தனை மடங்கு ஐதாக்கலைப் பொருளுள்ளதாகக் கருதுவது என்பவை இதில் தங்கியுள்ளன.

4. மாதிரி எடுத்தல்

போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழியில்லாமல் மூடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு போத்தல். ஒரு போத்தலில் சுத்தமான வடிநீரை எடுத்துச் சென்று, களத்தில் மூடியைத் திறந்து, மீண்டும் மூடிக் கொண்டுவாருங்கள். அது களவெற்று மாதிரி. வாகனப் புகையோ கையுறையோ தந்த மாசை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

குளோரினை அந்த இடத்திலேயே அளவுங்கள். இருந்தால் தயோசல்பேற்றால் நீக்குங்கள், ஆனால் கண்மதிப்பில் அள்ளிப் போடாதீர்கள். குளோரினை நீக்காவிட்டால் அது வழியெல்லாம் சேதனச் சேர்வைகளோடு தாக்கமுற்றுப் புதிய சேர்வைகளை உண்டாக்கும், ஆய்வுகூடத்தில் உயிரியையும் கொல்லும்.

பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு நூறு கிலோமீற்றருக்கு மேல். பனிக்கட்டி உருகாமல் வந்துசேர வேண்டும். 4 பாகைக்குக் கிட்டவாக வைத்து, உயிரிச் சோதனையை 36 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள்.

5. வந்தவுடன் அளக்க வேண்டியவை

பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஒட்சிசன், அமோனியா, குளோரைட்டு. இந்த ஐந்தையும் அளக்காமல் எந்த உயிரியையும் தண்ணீரில் இடாதீர்கள். ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் தனியாகவே கொல்லக்கூடியவை.

அமோனியாவில் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். உயிரிக்கு நஞ்சாவது அயனாகாத அமோனியா. 25 பாகையில் மொத்த அமோனியாவில் அதன் பங்கு பி.எச். 7 இல் ஒரு வீதத்துக்கும் குறைவு, 8 இல் ஏறக்குறைய 5 வீதம், 9 இல் ஏறக்குறைய 36 வீதம். செறிநீரை மேசையில் திறந்து வைத்தால் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறி பி.எச். ஏறும். காலையில் பாதிப்பில்லாத தண்ணீர் மாலையில் நஞ்சாகத் தெரிவதற்கு இதுவே காரணம். சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் பி.எச். எழுதுங்கள்.

மெற்றாபைசல்பைற்று மிஞ்சியிருந்தால் அது ஒட்சிசனைத் தின்றுவிடும். இறந்த உயிரி மூச்சுத் திணறி இறந்ததா, நஞ்சால் இறந்ததா என்று பிறகு சொல்ல முடியாது. மெதுவாகக் காற்றூட்டி ஒட்சிசனைச் சரிசெய்யுங்கள். காற்றூட்டும்போதும் பி.எச். ஏறும் என்பதால் அதை மறுபடி அளவுங்கள்.

6. சி.ஓ.டி. எண்ணை உடனே நம்பாதீர்கள்

சேதன மாசின் மொத்த அளவுக்கு எல்லோரும் முதலில் ஓடுவது இருகுரோமேற்று கொண்டு செய்யும் சி.ஓ.டி. (இரசாயன ஒட்சிசன் தேவை) பரிசோதனைக்குத்தான். இருகுரோமேற்று குளோரைட்டையும் ஒட்சியேற்றும். ஒரு மில்லிகிராம் குளோரைட்டு 0.226 மில்லிகிராம் சி.ஓ.டி. போலத் தெரியும். கரையோரத் தண்ணீரில் 600 மில்லிகிராம் குளோரைட்டு இருந்து அது 4 மடங்கானால் 2400. அதுவே 540 மில்லிகிராம் பொய்யான சி.ஓ.டி. காட்டலாம்.

மேக்கூரிக் சல்பேற்றுச் சேர்த்துக் குளோரைட்டைக் கட்டிவைப்பது வழக்கம். ஆனால் இலீற்றருக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைட்டு இருந்தால் அந்த வழக்கமான முறை நம்பத்தக்கதல்ல. முதலில் குளோரைட்டை அளந்து, தேவையானால் ஐதாக்கி, பிறகு சி.ஓ.டி. செய்யுங்கள். மொத்தச் சேதனக் காபன் அளக்கும் கருவி கிடைக்குமானால் அதுவே மேல். அது இல்லாவிட்டாலும், வடித்த மாதிரியை 254 நானோமீற்றர் ஊதாக் கடந்த ஒளியில் உறிஞ்சலுக்கு வைத்துப் பாருங்கள். வளையச் சேர்வைகளும் இயூமிக்குப் பொருளும் (உக்கிய தாவரங்களிலிருந்து வருவது) எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதை மலிவாகச் சொல்லும். மூன்று மாதிரிகளிலும் இதை அளந்து முதற்படியின் மடங்குக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுக்கு 2008 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகளில் சி.ஓ.டி. 250 மில்லிகிராம், ஐந்து நாள் பி.ஓ.டி. (உயிரிரசாயன ஒட்சிசன் தேவை) 30 மில்லிகிராம் என்று எல்லை உண்டு. ஒரு தண்ணீர் அந்த எல்லைக்குள் நிற்பதால் அதில் நஞ்சில்லை என்று எழுத முடியாது. இவ்விரு எண்களும் எவ்வளவு சேதனப் பொருள் என்று சொல்லுமே தவிர, எந்தச் சேர்வை என்று சொல்லா.

7. உப்புக் கட்டுப்பாடு: தவறவே விடக்கூடாத படி

வெங்காயம் உப்புத் தாங்காத பயிர். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்சைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். மேலே கணக்கிட்ட செறிநீரின் 5900 மைக்ரோசீமன்ஸ் இந்த அலகில் 5.9. அதில் ஒரு துளி சேதன மாசு இல்லாவிட்டாலும் வேர் நின்றுபோகும். இதனால்தான் செறிநீருக்கு அருகே, அதே உப்பு, அதே பி.எச்., ஆனால் சேதனப் பொருள் இல்லாத ஒரு தண்ணீரை ஒப்பீட்டுக்காக வைத்தே ஆக வேண்டும். அதுவே உப்புக் கட்டுப்பாடு.

சமையல் உப்பைக் கரைத்து மின்கடத்துதிறனைச் சமப்படுத்துவது போதாது. கறியுப்பில் அயடீன் சேர்த்திருக்கும், கட்டிப்படாமலிருக்கும் பொருளும் இருக்கலாம். அதைவிடப் பெரிய குறை வேறு. கல்சியம், மகனீசியம், சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றின் விகிதம் மாறினால் ஒரே மின்கடத்துதிறனிலும் உயிரிக்கு வரும் பாதிப்பு மாறும். செறிநீரின் அயன்களை அளந்து, அதே விகிதத்தில் ஆய்வுகூடத் தரமான உப்புகளால் கரைசலை உருவாக்குங்கள். நைத்திரேற்றை மறக்காதீர்கள், கழிவுநீரில் அது கணிசமாக இருக்கும். சல்பேற்றையும் இருகாபனேற்றையும் முதலில் கரைத்து, கல்சியம் குளோரைட்டைத் தனியாக ஐதாகக் கரைத்துக் கடைசியில் மெல்லச் சேருங்கள்.

அப்படிச் செய்தும் கரைசல் வெண்மையாகக் கலங்கலாம். கைத்தவறு என்று நினைத்து மாணவர்கள் மூன்று நான்கு முறை திரும்பச் செய்து சோர்ந்துவிடுவார்கள். உண்மையில் செறிநீரில் கல்சியம் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கிறது. அதைப் படியாமல் பிடித்து வைத்திருப்பது படிவு தடுப்பான். உங்கள் கரைசலில் அது இல்லாததால் சுண்ணாம்பு படிகிறது. இதற்கு வழி இரண்டு கட்டுப்பாடுகள் வைப்பது. ஒன்று படியாத அளவுக்குக் கல்சியம் குறைத்த உப்புக் கரைசல். மற்றது ஆலையில் வாங்கிய அதே படிவு தடுப்பானை, கணக்கிட்ட செறிவில் சேர்த்த முழு உப்புக் கரைசல். இரண்டாவது, படிவு தடுப்பானின் பாதிப்பையும் சேர்த்தே காட்டிவிடும்.

8. சேதனத்தை உப்பிலிருந்து பிரித்தெடுத்தல்

உப்புக் கட்டுப்பாடு ஒரு கை. திண்மநிலைப் பிரித்தெடுப்பு மறு கை. வடித்த செறிநீரை எச்.எல்.பி. வகைப் பொதியுறையினூடு (சேதனச் சேர்வைகளைப் பிடிக்கும் துகள் நிரப்பிய சிறு குழாய்) செலுத்தினால் சேதனச் சேர்வைகள் பெரும்பாலும் பொதியில் ஒட்டிக்கொள்ளும். உப்பும் உலோக அயன்களும் கடந்து போகும்.

வரிசை இது: 5 மில்லிலீற்றர் மெதனோல், பிறகு 5 மில்லிலீற்றர் வடிநீர், இடையில் பொதி உலரவிடாமல் மாதிரி. நிமிடத்துக்கு 5 முதல் 10 மில்லிலீற்றருக்கு மேல் ஓட்டாதீர்கள், வேகம் கூடினால் ஒட்டாமல் தப்பும். மாதிரி முடிந்ததும் சிறிது வடிநீரால் உப்பை அலசி, நன்றாக உலர்த்தி, மெதனோலால் கழுவி இறக்கி, நைதரசன் வாயுவால் ஆவியாக்குங்கள். எஞ்சுவதே சாறு. டைக்குளோபெனாக், இபுபுரூபன், எம்.சி.பி.ஏ. களைகொல்லி போன்ற அமிலத் தன்மையான சேர்வைகளும் வேண்டுமானால் இன்னொரு பங்கை பி.எச். 2 முதல் 3 வரை அமிலமாக்கி ஓட்டுங்கள். அதே அளவு வடிநீரை இதே பொதிவகையினூடு செலுத்திய வெற்றுச்சாறும் கட்டாயம் வேண்டும்.

பொதியைக் கடந்து வந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுபவர்கள் மிகப் பலர். அதை வைத்திருங்கள். உப்பும் உலோகமும் கிளைபொசேற்று, படிவு தடுப்பான் போன்ற மிக முனைவான சேதனச் சேர்வைகளும் அதில்தான் இருக்கின்றன. அதையும் உயிரிக்குக் கொடுத்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

இனி ஒரு கணக்கு. ஓர் இலீற்றர் செறிநீரின் சாற்றை ஒரு மில்லிலீற்றர் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் எடுத்தால் அது 1000 மடங்கு செறிந்தது. சோதனையில் கரைப்பான் 0.1 வீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 1000 இல் ஒன்று. ஆக உயிரி பார்ப்பது மூலச் செறிநீரின் ஒரு மடங்கைத்தான். 10 மடங்கில் சோதிக்க வேண்டுமானால் அந்த ஓர் இலீற்றரை 0.1 மில்லிலீற்றராக்க வேண்டும். இதைக் கணக்கிடாமல் ‘சாறு செறிவானது, கட்டாயம் கொல்லும்’ என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். கரைப்பான் மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டையும் வையுங்கள்.

9. உயிரிச் சோதனை

வெங்காயம்: ஒரே அளவான 12 வெங்காயம் ஒவ்வொரு செறிவுக்கும். அடியில் உள்ள காய்ந்த பழைய வேரைச் சுரண்டுங்கள், ஆனால் புதுவேர் புறப்படும் வளையத்தைக் காயப்படுத்தாதீர்கள். 100, 50, 25, 12.5, 6.25 வீதச் செறிநீரிலும், அதே படிகளில் உப்புக் கட்டுப்பாட்டிலும் இருட்டில் 72 மணி நேரம். நாள்தோறும் தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் ஐதாக்கினால் குளோரின் வந்துவிடும். ஒவ்வொரு குழுவிலும் மிக மோசமாக வேர் விட்ட இரண்டை விலக்கிவிட்டு அளவுங்கள். கட்டுப்பாட்டில் மூன்று நாளில் வேர் இரண்டு சென்ரிமீற்றர்கூட வராவிட்டால் அந்தச் சுற்றைக் கைவிடுவது என் வழக்கம். கலப்பிரிவையும் பார்க்க விரும்பினால், வேர் நுனியை அற்ககோலும் அசற்றிக் அமிலமும் 3:1 ஆகக் கலந்த கரைசலில் பதப்படுத்தி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் எண்ணுங்கள்.

ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும், இறால் போன்ற மிகச் சிறிய உயிரி): இறால் குஞ்சு பொரிப்பகங்களில் புழங்கும் முட்டைதான். உப்புத் தண்ணீரில் ஒன்று ஒன்றரை நாளில் பொரிக்கும். இதன் பெரிய வசதி, எல்லாச் செறிவுகளிலும் கடலுப்புச் சேர்த்து உப்பளவை ஒரே மட்டத்துக்கு உயர்த்திவிடலாம் என்பது. அப்போது உப்பு ஒரு மாறியாகவே இராது. கிண்ணத்துக்கு 10 குஞ்சு, 24 மணி நேரம். குஞ்சைக் குழாயியால் மாற்றும்போது கூடவே போகும் தண்ணீரை இயன்றளவு குறையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் செறிவு நீங்கள் எழுதியதல்ல. கட்டுப்பாட்டில் 10 வீதத்துக்கு மேல் இறந்தால் சோதனை செல்லாது.

ஆர்ட்டீமியா வலிமையான உயிரி. அது பிழைத்தால் தண்ணீர் பாதுகாப்பானது என்று எழுதாதீர்கள். ஓமோன்களைக் குழப்பும் சேர்வைகள் 24 மணி நேரத்தில் எதையும் கொல்லா. ஒளிவிடும் பற்றீரியாச் சோதனை செய்யும் வசதி எங்காவது கிடைத்தால் சாற்றை அங்கே கொடுங்கள். அது கடல் பற்றீரியா என்பதால் உப்பு அதற்குத் தடையில்லை.

இரண்டு உயிரிக்கும் தெரிந்த நஞ்சொன்றை ஒவ்வொரு சுற்றிலும் வையுங்கள். வெங்காயத்துக்குச் செப்புச் சல்பேற்று, ஆர்ட்டீமியாவுக்குப் பொற்றாசியம் இருகுரோமேற்று. வழக்கமாகப் பாதிக்கும் செறிவில் பாதிக்கவில்லை என்றால் பிழை உயிரியிலோ உங்கள் கரைசலிலோ இருக்கிறது.

10. முடிவை வாசித்தல்

பாதிக் குறைவு வரும் செறிவை வீதமாக எடுத்து, 100 ஐ அதனால் வகுத்தால் நச்சலகு. எடுத்துக்காட்டாக, செறிநீரில் 25 வீதத்தில் வேர் பாதியானால் 4 நச்சலகு. உப்புக் கட்டுப்பாட்டில் 40 வீதத்தில் பாதியானால் 2.5. மிச்சமான 1.5 ஐ உடனே சேதன மாசின் தலையில் போடாதீர்கள். படிவு தடுப்பான் சேர்த்த கட்டுப்பாடு, அமோனியாக் கணக்கு, பொதியைக் கடந்த தண்ணீர், சாறு ஆகிய நான்கையும் பாருங்கள்.

சாறு ஒரு மடங்கிலேயே பாதித்து, வெற்றுச்சாறு பாதிக்காமலிருந்தால், சேதன நஞ்சு உண்டு என்று துணிந்து எழுதலாம். சாறு அமைதியாக இருக்க, பொதியைக் கடந்த தண்ணீர் உப்புக் கட்டுப்பாட்டைவிடக் கூடுதலாகப் பாதித்தால், உலோகம், அமோனியா, முனைவான சேர்வை ஆகியவற்றைத் தேடுங்கள். உலோகத்தைச் சோதிக்க, உலோக அயன்களைக் கட்டிவைக்கும் ஈ.டி.ரி.ஏ. சேர்த்து மறுபடி செய்யுங்கள். பாதிப்பு குறைந்தால் உலோகத்தின் பங்கு உண்டு. உப்புக் கட்டுப்பாடும் செறிநீரும் ஒரே அளவில் பாதித்து, சாறு 10 மடங்கிலும் எதுவும் செய்யாவிட்டால், ‘இந்த உயிரிக்கு, இந்தக் காலத்துக்குள், பாதிப்பு உப்பால் வந்தது’ என்று எழுதுங்கள். அந்த முடிவும் பயனுள்ளதே. ஆலைக்காரர் செயற்படுகாபனுக்குச் செலவழிப்பதா, செறிநீரை விடும் இடத்தை மாற்றுவதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். காபன் சேதனத்தைப் பிடிக்கும், உப்பைத் தொடாது.

11. உங்கள் சொந்தக் கழிவு

சி.ஓ.டி. செய்த கரைசலில் இரசமும் குரோமியமும் உண்டு. தொட்டியில் ஊற்றினால் அது கடைசியில் போய்ச் சேர்வது நீங்கள் காப்பாற்ற நினைத்த அதே வாவி. மூடியுள்ள தனிப் போத்தலில் சேர்த்து, உள்ளிருப்பதை எழுதி ஒட்டி, அபாயகரமான கழிவாக ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். நான்காம் படியில் எடுத்த இரண்டாவது போத்தலை அறிக்கை ஏற்கப்படும் வரை, விரிவதற்கு இடம் விட்டு, உறைநிலையில் வையுங்கள். யாராவது ‘மீண்டும் அளந்து காட்டுங்கள்’ என்று கேட்கும் நாளில் அது கையில் இருக்க வேண்டும்.